மாலத்தீவில் ஆசிரியர் வேலை: பள்ளி தரும் வீட்டில் சக ஆசிரியர்களோடு குடியிருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவுப் பள்ளிகளுக்கு வேலைக்கு வர நினைக்கிறவர்கள் ஊரில் இருக்கும்போது கேட்பதெல்லாம் சம்பளமும் விசாவும். வந்து இறங்கி ஒரு மாதம் ஆனதும் கேட்பதெல்லாம் வீடு. காலையில் ஸ்டாஃப் ரூமில் பார்க்கிற அதே முகத்தை மாலையில் அடுப்படியிலும் பார்க்க வேண்டும்; கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு பஸ் ஸ்டாண்டுகூடத் தீவில் கிடையாது. அதனால் இந்தப் பக்கத்தில் சம்பளம், விசா பேச்சு குறைவு. அட்டோல் (பவளத் தீவுக் கூட்டம்) தீவுகளில் சில ஆண்டுகள் பள்ளி வீட்டில் இருந்த அனுபவத்தில், புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

“தங்குமிடம் இலவசம்” என்று காண்ட்ராக்டில் போட்டிருக்கிறது. உண்மையில் என்ன தருவார்கள்?

மூன்று விதம் உண்டு. வெளித் தீவுகளில் பொதுவாக உள்ளூர்க்காரர் ஒருவரின் வீட்டைப் பள்ளி வாடகைக்கு எடுத்து, இரண்டிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் வரை அதில் வைக்கும். சில இடங்களில் ஆசிரியர்களுக்கென்றே கட்டிய குவார்ட்டர்ஸ் இருக்கும். மூன்றாவது, வீட்டுக்குப் பதில் மாதாமாதம் படியாகப் பணம் கொடுத்துவிடுவது. தலைநகர் மாலே, அதை அடுத்த ஹுல்ஹுமாலே பக்கம் இதுதான் அதிகம். அங்கே வாடகை எகிறிக் கிடப்பதால், கொடுக்கிற படியில் தனி வீடு எடுக்க முடியாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுப்பார்கள். பள்ளி வைத்த கூட்டாக இருந்தாலும் நீங்களே சேர்த்த கூட்டாக இருந்தாலும் பிரச்சினைகள் ஒன்றுதான்.

தீவு வீடு எப்படி இருக்கும் என்றால், ஒற்றைத் தளம், முன்னால் வெள்ளை மணல் முற்றம், வரிசையாக அறைகள், பின்னால் பொதுச் சமையலறை. பழைய வீடுகளில் குளியலறை வீட்டுக்கு வெளியே, பாதிக் கூரை இல்லாமல் இருக்கும். மழை பெய்யும்போது குளிப்பது முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். புதிய வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

கையெழுத்துப் போடும் முன் வீட்டைப் பற்றி என்னென்ன கேட்க வேண்டும்?

எனக்கு தனி அறையா, பகிரும் அறையா? கரண்ட் பில், தண்ணீர் பில் பள்ளி கட்டுமா? கட்டினால் முழுசாகவா, ஒரு வரம்பு வரையிலா? அறையில் ஏசி இருக்கிறதா, அதன் பில் யார் தலையில்? அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உண்டா? வீட்டுக்காரர் அதே வளவில் குடியிருக்கிறாரா? வீடு ஒத்துவரவில்லை என்று நானே வெளியே போனால் வீட்டுப் படி கிடைக்குமா?

இவற்றில் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதுதான் முக்கியம். சில ஒப்பந்தங்களில் பள்ளி கொடுக்கும் வீட்டை வேண்டாம் என்று சொன்னால் வாடகை முழுக்க உங்கள் கைக்காசு. சிலவற்றில் படி கிடைக்கும். இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் பின்னால் ஒரு சண்டையில் உங்களுக்கு வாய் இருக்குமா இல்லையா என்பது.

ஏஜென்ட் போனில் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பள்ளி அலுவலகத்துக்கு மெயில் போட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். “ஃபர்னிஷ்டு” என்று எழுதியிருந்தால் கட்டில், மெத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு அலமாரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலையணை உறையும் போர்வையும் நீங்கள் கொண்டு வர வேண்டியதுதான். பிளக் பாயிண்ட்டும் பெரும்பாலும் மூன்று சதுர முள் வகை. ஊர் மிக்ஸி 230 வோல்ட்டில் நன்றாக ஓடும், ஆனால் அடாப்டர் இரண்டு மூன்று தேவைப்படும்.

கூட யார் இருப்பார்கள்? நான் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. ஆண்கள் ஒரு வீடு, பெண்கள் ஒரு வீடு என்பது மட்டும் உறுதி. மற்றபடி எந்த அறை காலியோ அங்கே. இந்திய ஆசிரியர்களில் கேரளாக்காரர்கள் நிறைய. அதனால் நான்கு பேர் உள்ள வீட்டில் நீங்கள் ஒரே தமிழராக இருப்பது சாதாரணம். மூன்று மாதத்தில் மலையாளம் வந்துவிடும். இலங்கை ஆசிரியர்களும் இருப்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரோ மட்டக்களப்புக்காரரோ அமைந்தால் பேச்சுக்குத் துணை.

ஒரே அறையில் இரண்டு பேர் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

மறுக்க வழி இருந்தால் மறுத்துவிடுங்கள். வீட்டைப் பகிர்வது வேறு, அறையைப் பகிர்வது வேறு. ஆசிரியர் வேலை பள்ளி மணி அடித்ததும் முடிகிறதில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ காலில் இருப்பார். இங்கே மணி இந்தியாவைவிட அரை மணி நேரம் பின்னால், எனவே வீட்டாரோடு பேசுகிற நேரமும் எல்லாருக்கும் ஒன்றுதான். வேறு வழியே இல்லையென்றால், விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, போன் எங்கே நின்று பேசுவது என்ற இரண்டையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். முற்றத்தில் கயிற்றுவலை போட்ட இரும்பு நாற்காலி வரிசை ஒன்று எல்லா வீட்டிலும் கிடக்கும், ஜோலி என்பார்கள். போன் பேச அதைவிட நல்ல இடம் இல்லை.

சமையல் ஒன்றாகவா, தனித்தனியாகவா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை அடுப்படியில் தொடங்கியவை.

முதலில் பொருள் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தீவில் விளைவது தேங்காய், முருங்கை, கறிவேப்பிலை, கொஞ்சம் மிளகாய், பூசணி, பப்பாளி. தக்காளி, வெங்காயம், உருளை, பருப்பு எல்லாம் கப்பலில் வர வேண்டும். அதில் ஒரு பகுதி நம் தூத்துக்குடியிலிருந்து மாலேக்குப் போய், அங்கிருந்து சரக்குத் தோணியில் தீவுக்கு வருகிறது. சிறிய தீவுகளில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தோணிதான். தோணி ஜெட்டியில் கட்டிய மாலை, கடைக்குப் பெட்டி வந்து இறங்குவதற்குள் ஆள் நிற்கும். மறுநாள் போனால் நசுங்கிய தக்காளியும் முளைவிட்ட வெங்காயமும் கிடைக்கும். கடல் மோசமாக இருந்து தோணி வராத வாரத்தில் முருங்கைக்கீரையும் பருப்பும்தான்.

இந்த நிலையில் நான்கு பேர் தனித்தனியாக வாங்கி, ஒரே ஃப்ரிட்ஜில் நான்கு தக்காளிப் பையைத் திணித்தால் என்ன ஆகும்? அதில் ஒன்று குறையும். யார் எடுத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த நாளிலிருந்து ஒருவர் பையில் பெயர் எழுதுவார். அந்தப் பெயர் எழுதிய பையைப் பார்த்தவுடனே வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

என் கருத்து: இரவுச் சாப்பாடு பொது, மற்றது அவரவர் பாடு. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி, தேங்காய், கேஸ் இவை பொதுக்கணக்கு. பால் பவுடர், பிஸ்கட், முட்டை, ஊரிலிருந்து வந்த பொடி, ஊறுகாய் இவை தனிக்கணக்கு. பொதுக்கணக்குக்கு ஒரு நோட்டு. அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வாங்கியவர் அன்றைக்கே தேதி, பொருள், தொகை எழுதிவிட வேண்டும். போன் ஆப் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. கையில் மாவோடு நிற்கிறவர் போனைத் தொட மாட்டார். நோட்டு நிலைத்தது, ஆப் நிலைக்கவில்லை.

சமைக்கும் முறை வாரத்துக்கு இத்தனை நாள் என்று பிரிப்பதைவிட, சமைக்கிறவர் வேறு, பாத்திரம் கழுவுகிறவர் வேறு என்று பிரிப்பது நல்லது. சமைக்கத் தெரியாதவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரைக் கட்டாயப்படுத்தி நாலு பேரும் உப்பில்லாச் சாம்பார் சாப்பிடுவதில் என்ன லாபம்? அவர் தேங்காய் துருவட்டும், பாத்திரம் கழுவட்டும், தோணி நாளில் போய் வரிசையில் நிற்கட்டும்.

வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி. வெள்ளி, சனி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் திறக்காது, ஜும்மா தொழுகை முடிந்த பிறகுதான். அதனால் வியாழன் மாலையே ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்வது நல்லது. இட்லி மாவு வியாழன் இரவு அரைத்தால் இந்தப் புழுக்கத்தில் வெள்ளி காலை பொங்கி நிற்கும். டேபிள்டாப் கிரைண்டர் நாலு பேர் சேர்ந்து வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் வாங்கும் அன்றே அது யாருடையது என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் காசு போட்டு வாங்கி, மற்றவர்கள் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், சிரமப்பட்டு. மாலத்தீவுச் சாப்பாடு என்றாலே சூரை மீன். காலையில் மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்த மஸ்ஹுனி, மதியம் மீன் ரசம் மாதிரியான கருதியா, தொட்டுக்கொள்ள மீனைக் காய்ச்சி இறுக்கிய ரிஹாகுரு. இந்த ரிஹாகுரு பக்கத்து வீட்டில் காய்ச்சினால் மூன்று தெருவுக்கு வாசம் வரும். மாசிக்கருவாடு தெரிந்த தூத்துக்குடிக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. மற்றவர்களுக்குப் பழக நாளாகும்.

வீட்டுக்குள்ளே கேட்கக்கூடியது இவ்வளவுதான்: தனி வாணலி, தனிக் கரண்டி, ஃப்ரிட்ஜில் மேல்தட்டு. மீன் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில். கூட இருப்பவர்களிடம் வீட்டில் மீனே சமைக்காதே என்று கேட்க முடியாது. இந்த ஊரில் மலிவாகவும் புதிதாகவும் கிடைப்பது அது ஒன்றுதான்.

கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது? ஒருவர் மட்டும் ஏசி போடுகிறார்.

வெளித் தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் ஃபெனகா என்ற அரசு நிறுவனத்தின் டீசல் ஜெனரேட்டரில் வருகிறது. நம் ஊர் மாதிரியே யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற படிநிலைக் கட்டணம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு அறையில் ஏசி ஓடினால் அந்த யூனிட்டுக்கு மட்டும் காசு போவதில்லை, வீட்டு மொத்தமே மேல்படிக்கு ஏறிவிடும். ஏசி போடாதவர் எரிச்சல் படுவதில் நியாயம் இருக்கிறது.

அறைக்கு அறை தனியாக யூனிட் காட்டும் சப் மீட்டர் இருந்தால் பேச்சே இல்லை. இல்லாத வீட்டில் எளிய வழி ஒன்று. யாரும் ஏசி போடாத மாதம் ஒன்றின் பில்லை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு அது 1,000 ரூஃபியா (மாலத்தீவுப் பணம்), வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 250. அடுத்த மாதம் இரண்டு அறையில் ஏசி ஓடி 2,200 வந்தால், கூடுதல் 1,200-ஐ அந்த இருவரும் ஆளுக்கு 600 போட்டுக் கொள்ளட்டும். துல்லியமான கணக்கு இல்லை; ஆனால் எல்லாருக்கும் புரியும், அடுத்த மாதமும் அதே மாதிரி போடலாம். ஏசியில் தூங்குகிறவர் இதைக் கேட்டு முகம் சுளித்தால், அவர் பில்லைத் தன் பெயரில் வாங்கிக் கட்டட்டும், நீங்கள் 250 கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒத்துக்கொள்வார்.

பள்ளி ஒரு வரம்பு வரை பில் கட்டுகிற வீடானால், வரம்பைத் தாண்டியது மட்டும் மேலே சொன்ன மாதிரி. அந்த வரம்பு ஆளுக்கா, வீட்டுக்கா என்று அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவுக் கணக்கை எப்படித் தீர்ப்பது? ரூஃபியாவிலா, இந்திய ரூபாயிலா?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சம்பளம் ரூஃபியாவில் வரும், ஊருக்கு அனுப்ப அதை டாலராக மாற்ற வேண்டும். டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது 2011-லிருந்து இருக்கிற அதிகாரப்பூர்வ விலையின் உச்சம். ஆனால் வங்கியில் அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஊழியர் மாதத்துக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று வங்கிகள் வரம்பு வைக்கின்றன, அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். சம்பளம் கணக்கில் கிடக்கும், ஊருக்கு அனுப்ப வழி இருக்காது.

அதனால் பல வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள்: அனுப்ப முடியாமல் ரூஃபியா தேங்கிக் கிடப்பவர் வீட்டின் பொதுச் செலவு முழுவதையும் ரூஃபியாவில் கட்டிவிடுவார். மற்றவர்கள் தங்கள் பங்கை ஊரில் இருக்கும் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு ரூபாயில் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டி, எந்த விலையில் மாற்றுவது என்று முன்பே பேசி வைத்திருந்தால் போதும். வீட்டு மளிகைப் பங்கு என்ற அளவில் இது தவறில்லை.

அந்த அளவைத் தாண்டாதீர்கள். “என்னிடம் ரூஃபியா கொடு, உன் வீட்டுக்கு ரூபாய் போடச் சொல்கிறேன்” என்று தீவில் யாராவது வருவார்கள். அது வேறு தொழில். ரூபாய் வராமல் போனாலும் புகார் கொடுக்க முடியாது, வந்தால் அது யார் பணம் என்று வங்கி கேட்கும்.

வைஃபை?

பள்ளி பெரும்பாலும் தருவதில்லை. திராகு, ஊரிடூ என்ற இரண்டு தொலைபேசி நிறுவனங்களில் எது அந்தத் தீவில் நன்றாகக் கிடைக்கிறது என்று உள்ளூர் ஆசிரியரைக் கேட்டு, ஒருவர் பெயரில் இணைப்பு வாங்கிப் பங்கு போடுங்கள். டேட்டா வரம்பு உள்ள பிளான் என்றால் கிரிக்கெட் பார்க்கிறவர் கூடுதல் பங்கு தரட்டும்.

வீட்டில் என்னோடு இருப்பவர்தான் எனக்கு லீடிங் டீச்சர். சங்கடமாக இருக்கிறது.

இங்கே துறைத் தலைவரை லீடிங் டீச்சர் என்பார்கள். உங்கள் லெசன் பிளானைப் பார்ப்பவர், வகுப்பில் வந்து உட்கார்ந்து குறிப்பெடுப்பவர், வருடக் கடைசியில் உங்களைப் பற்றி எழுதுபவர் அவர்தான். அவரோடு ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பது யாருக்கும் சங்கடம்தான். அவருக்கும் சங்கடம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பள்ளியில் “சார்” என்றால் வீட்டிலும் “சார்” என்றே கூப்பிடுங்கள். கேரளாக்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் “சேட்டா” என்று மாறிவிடுவார்கள், அவர்களுக்கு அது ஒத்துவரும். வீட்டில் வைத்து லெசன் பிளானைக் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் வைத்துக் கேளுங்கள். வீட்டில் வாங்கிய கையெழுத்து மற்ற இரண்டு பேர் கண்ணில் சலுகையாகத் தெரியும். அதே மாதிரி, அவர் பாத்திரம் கழுவவில்லை என்ற கோபத்தை டிபார்ட்மெண்ட் மீட்டிங்கில் காட்டாதீர்கள். கரண்ட் பில் பாக்கியை அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், நோட்டைக் கூட்டும் பொறுப்பை மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிப் பேச்சை வீட்டில் பேசாமல் இருக்க முடியுமா?

முழுக்க முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓரளவு நடந்தது. இங்கே பள்ளி வேலை பாதி வைபர் என்ற மெசேஜ் ஆப்பில் ஓடுகிறது: பெற்றோர் குரூப், வகுப்பு குரூப், ஸ்டாஃப் குரூப். இரவு பத்து மணிக்கும் ‘டொய்ங்’ என்று கேட்கும். ஒருவர் போனில் வந்ததை எல்லாரும் சேர்ந்து அலச ஆரம்பித்தால் தூக்கம் போச்சு. இன்னொன்று, வீட்டுக்கென்று ஒரு வைபர் குரூப் ஆரம்பித்தால் அதில் பள்ளி ஆள் வேறு யாரையும் சேர்க்காதீர்கள். பிரின்சிபாலைப் பற்றி எழுதியதை அடுத்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

வீட்டுக்காரரின் பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். அவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருகிறார்.

இரண்டும் தீவில் சகஜம். அறுநூறு எழுநூறு பேர் இருக்கும் தீவில் யார் பிள்ளையும் உங்கள் வகுப்பில்தான் இருக்கும். பெருநாளுக்குச் சாப்பாடு அனுப்புவார்கள், மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் மனம் நோகும். பதிலுக்குப் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்காமல் ஒரு பாயசமோ முறுக்கோ வைத்துக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும், மார்க்கு பக்கம் போகாது. மார்க்கு பற்றி வாசலில் நின்று கேட்டால் “பள்ளியில் பேசலாம்” என்ற ஒரே பதில்.

கேட்காமல் உள்ளே வருவது வேறு விஷயம். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. அவர் வீட்டைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கிறார், பள்ளி உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எனவே பழுது, சாவி, உள்ளே வரும் நேரம் எதுவானாலும் பள்ளி அலுவலகம் வழியாகச் சொல்லுங்கள். பெண்கள் இருக்கும் வீட்டில் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் தனிப் பூட்டும் முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

வீட்டில் சாமி படம் வைக்கலாமா? விளக்கு ஏற்றலாமா?

மாலத்தீவின் அரச மதம் இஸ்லாம். மற்ற மதத்தவர் பொது இடத்தில் வழிபட அனுமதி கிடையாது. வழிபாட்டுச் சிலைகளைச் சுங்கத்தில் தடுத்துவிடுவார்கள், பெட்டியில் கொண்டு வராதீர்கள். அவரவர் அறைக்குள் கண்மூடிக் கும்பிடுவதை யாரும் கேட்பதில்லை. பலர் போனில் இருக்கும் படத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். வாசலில் கோலம், மணி, சத்தமாகப் பாட்டு வேண்டாம். ஏனென்றால் நீங்கள் செய்தால் கூட இருக்கிற மூன்று பேரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

மதுவும் பன்றி இறைச்சியும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. ரிசார்ட்டுகளின் சட்டம் வேறு, பள்ளித் தீவின் சட்டம் வேறு. கூட இருப்பவர் எங்கிருந்தோ பாட்டில் கொண்டுவந்தால், வீட்டில் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்து, பிடிபட்டால் எல்லார் வேலையும் போகும்.

நோன்பு மாதத்தில் வீடு எப்படி இருக்கும்?

பள்ளி நேரம் குறையும், பகலில் ஹோட்டல் திறக்காது, வெளியே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். கூட இருப்பவர் காயல்பட்டினத்துக்காரராகவோ மலப்புரத்துக்காரராகவோ இருந்தால் அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு எரியும். சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவர் அந்த ஒரு மாதம் அறை மாற்றிக்கொண்டால் தூக்கம் கெடாது. நோன்பு இல்லாதவர் பகலில் மீன் பொரிக்காமல் இருப்பது மரியாதை. மாலையில் நோன்பு திறக்கும்போது வருகிற பலகாரங்களில் எல்லாருக்கும் பங்கு உண்டு, அது தனி சந்தோஷம்.

விருந்தாளிகள் வரலாமா?

ஆண்கள் வீட்டுக்குப் பெண்களோ பெண்கள் வீட்டுக்கு ஆண்களோ வந்தால், எவ்வளவு சாதாரணக் காரணமாக இருந்தாலும் மறுநாள் தீவு முழுக்கத் தெரியும். பேப்பர் கட்டு வாங்க வந்தாலும் முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கணவரோ மனைவியோ வருகிறார்கள் என்றால் பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி வேறு வீடு கேளுங்கள். பகிர்ந்த வீட்டில் ஒரு குடும்பத்தை வைப்பது யாருக்கும் நிம்மதியாக இருக்காது.

வீட்டில் டியூஷன் எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். உங்கள் வேலை அனுமதி ஒரு முதலாளிக்கானது. பள்ளியின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அனுமதி இருந்தாலும், ஹாலில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கையில் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று யோசியுங்கள்.

தண்ணீர், கொசு, காய்ச்சல்?

குடிக்க மழைநீர்த் தொட்டி அல்லது சுத்திகரித்த கடல்நீர். பழைய வீடுகளில் குளிக்கக் கிணற்று நீர், லேசாக உப்புக் கரிக்கும், சில சமயம் வாடை அடிக்கும். வறண்ட மாதங்களில் மழைநீரைத் துணி துவைக்க எடுப்பவரோடு சண்டை வரும். குடிநீர்க் குழாயில் வாளி வைப்பதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் டெங்கு வரும். முற்றத்தில் தேங்காய் சிரட்டை, வாளி, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்காமல் சனிக்கிழமைதோறும் ஒருவர் கவிழ்க்க வேண்டும். இது சமையல் முறையில் சேராத தனி வேலை, பெயர் போட்டு எழுதுங்கள். கூட இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் தீவின் ஹெல்த் சென்டர், பெரிய விஷயமானால் அட்டோல் மருத்துவமனை. வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுத்திருப்பார்கள். ஒவ்வொருவரின் காப்பீட்டு அட்டை நகலும் ஊரில் கூப்பிட வேண்டிய எண்ணும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். கடல் கொந்தளிக்கிற இரவில் ஸ்பீட் போட் பிடிக்கும் நேரத்தில் அவர் பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

ஒத்தே வரவில்லை. வீடு மாற வேண்டும்.

முதலில் பிரச்சினை ஆளா, வீடா என்று பிரித்துப் பாருங்கள். கூரை ஒழுகுவது, பூட்டு இல்லாதது, தண்ணீர் வராதது இவை வீட்டுப் பிரச்சினை. போட்டோ எடுத்து, தேதி போட்டு, பள்ளி அலுவலகத்துக்கு மெயில் அனுப்புங்கள். வாயால் சொன்னால் “பார்க்கலாம் சார்” என்பதோடு நிற்கும். ஆள் பிரச்சினை என்றால், வேறு வீட்டில் இருக்கும் ஒருவரோடு அறை மாற்றிக்கொள்வதுதான் விரைவான வழி. இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் பள்ளி பொதுவாக மறுப்பதில்லை, அவர்களுக்கு வாடகை கூடப் போவதில்லையே. பிரின்சிபாலிடம் போய்க் கூட இருப்பவரைப் பற்றிக் குறை சொல்வது கடைசி வழி. அது கோப்பில் உங்கள் இருவர் பெயரிலும் ஏறும்.

மிரட்டல், திருட்டு, அத்துமீறல் என்றால் வரிசை எதுவும் வேண்டாம். அன்றே பள்ளிக்கு எழுதுங்கள், தீவின் போலீசுக்குப் போங்கள், மாலேயில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் (ஹை கமிஷன்) தெரிவியுங்கள். ஒப்பந்தப்படி வீடே தரவில்லை, படியும் தரவில்லை என்கிற தகராறுகளுக்கு 2008-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் மாலேயில் இருக்கிறது. மெயில்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அங்கே பேச ஏதாவது இருக்கும். பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவர் பங்கு?

வாடகை பள்ளி கட்டுவதால் அதில் சிக்கல் இல்லை. வைஃபை, கேஸ், கரண்ட் மூன்றும்தான். போகிற மாதத்தின் கரண்ட் பில் அவர் விமானம் ஏறிய பிறகே வரும், அதைக் கேட்டு வாங்குவது நடக்காது. அதனால் கிளம்பும் வாரத்தில் மீட்டரைப் படித்து, முந்தைய மாதப் பில்லின் பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மிச்சம் இருந்தால் அவர் இந்தியக் கணக்குக்கே திருப்பிப் போடுங்கள். இணைப்பு அவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றாமல் விடாதீர்கள். பாக்கி இருக்கிறது என்று அவருக்குக் கடைசி நேரத்தில் தொல்லை வரலாம்.

நீங்கள் கிளம்புகிறவர் என்றால், வந்த முதல் நாளில் அறையை எடுத்த போட்டோக்களோடு ஒத்துப் பார்த்து, கட்டில், மின்விசிறி, கதவு எல்லாம் இருந்தபடி இருக்கிறது என்று அலுவலகத்தில் கையெழுத்து வாங்குங்கள். சாவியைக் கூட இருப்பவரிடம் கொடுக்காதீர்கள், அலுவலகத்திலேயே கொடுங்கள். கிரைண்டரை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.